தைவான்: குத்தகை வயலும் சிப் ஆலையும்

1949இல் தைவானில் சேற்றில் இறங்கிய பலருக்கு அந்த வயல் சொந்தமில்லை. கண்டுமுதலில் பாதியை நிலக்காரருக்கு அளக்க வேண்டும். சில ஊர்களில் பாதிக்கு மேலும் கேட்டார்கள். குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். அடுத்த போகத்துக்கும் நிலம் கிடைக்குமா என்பது நிலக்காரரின் மனசைப் பொறுத்தது. பழைய தஞ்சாவூர்ப் பண்ணைகளை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல.

அந்த ஆண்டே அரசு ஒரு வரம்பு வைத்தது: முக்கிய விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் குத்தகை வாங்கக் கூடாது. 1953இல் உழுபவருக்கே நிலம் என்ற சட்டம் வந்தது. நடுத்தர நன்செய் என்றால் நிலக்காரர் ஏறத்தாழ 3 ஹெக்டேர் வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தை அரசு வாங்கி, அதை உழுதுகொண்டிருந்தவருக்கே விற்றது. ஆண்டு விளைச்சலைப் போல் இரண்டரை மடங்குதான் விலை. அதையும் பத்து ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம். ஏறத்தாழ 2 லட்சம் குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது.

தேசியவாதத் தலைவர் சியாங் கை-ஷேக்கோடு சீனாவிலிருந்து வந்தவர்கள்தான் இந்தச் சட்டங்களைப் போட்டார்கள். அந்தத் தீவில் அவர்களுக்கு ஒரு காணி நிலமும் கிடையாது. பறிபோவது அடுத்தவர் நிலம். குடியானவரைக் கைவிட்டால் கம்யூனிஸ்டுகள் வருவார்கள் என்ற பாடத்தையும் சீனாவில் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கரில் தொடங்கி, விதிவிலக்குகளிலும் பினாமிப் பெயர்களிலும் கரைந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

நிலம் இழந்தவருக்குக் கொடுத்த ஈட்டில்தான் சூட்சுமம் இருந்தது. 70 சதவீதம் பத்திரம். அதன் மதிப்பு நெல்லிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் குறிக்கப்பட்டதால் விலைவாசி ஏறினாலும் தேயாது. மீதி 30 சதவீதத்துக்கு சிமென்ட், காகிதம் உள்ளிட்ட நான்கு அரசு நிறுவனங்களின் பங்குகள். நம்பிக்கையில்லாத சின்ன நிலக்காரர்கள் அவற்றை வந்த விலைக்கு விற்றார்கள். லுகாங் ஊரின் கூ குடும்பம் போன்ற பெரிய கைகளோ ஆலைப் பக்கம் திரும்பின. அக்குடும்பத்தின் கூ சென்-ஃபூ பின்னாளில் தைவான் சிமென்ட் நிறுவனத்தின் தலைவரானார்.

நிலம் பெற்றவருக்கும் எல்லாம் இலவசமாக வரவில்லை. உரத்தை அரசிடம் நெல் கொடுத்துத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்று விகிதமோ அரசுக்கே சாதகம். 1973 வரை நீடித்த இந்த மறைமுக வரிதான் பட்டாளத்துக்குச் சோறு போட்டது. தொழிலுக்கும் முதல் திரட்டியது. 1966இல் காவ்சியுங் ஏற்றுமதி மண்டலம் திறந்தபோது கிராமத்துப் பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். 1974இல் தொலைக்காட்சிப் பெட்டிக்கு பிளாஸ்டிக் குமிழ் செய்யத் தொடங்கிய ஒரு பட்டறைதான் இன்றைய ஃபாக்ஸ்கான். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐஃபோன் பூட்டுவதும் அதே நிறுவனம்தான்.

1952இல் தைவானின் உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேளாண்மை. வேலை பார்த்தவர்களில் பாதிக்கு மேல் விவசாயிகள். இன்று வேளாண்மையின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. சராசரி நிலம் ஒரு ஹெக்டேரைச் சுற்றியே நிற்கிறது. உழுபவரின் சராசரி வயது 60ஐத் தாண்டிவிட்டது. சாங்ஹுவா மாவட்ட வயல்களின் நடுவே பதிவில்லாத தகரக் கொட்டகைப் பட்டறைகள். 2000இல் விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கச் சட்டம் வழிவிட்டது. 2006இல் யீலான் மாவட்டத்திலிருந்து தலைநகருக்குச் சுரங்கப்பாதை திறந்தது. விளைவு, யீலான் வயல்களில் பங்களாக்கள் எழுந்தன. 2010இல் மியாவ்லி மாவட்டத்தின் தாபுவில், தொழிற்பூங்காவுக்காக அறுவடைக்கு நின்ற நெல்லை இயந்திரங்கள் புரட்டிப்போட்டன. 2021 வறட்சியில் சிப் ஆலைகளுக்குத் தண்ணீரைச் சேமிக்கப் பல்லாயிரம் ஹெக்டேருக்குப் பாசனத்தை நிறுத்தினார்கள். விவசாயிக்கு இழப்பீடு கிடைத்தது, போகம் கிடைக்கவில்லை.

அன்றைய சட்டம் குத்தகைதாரரை நிலக்காரரிடமிருந்து காப்பாற்றியது. வயலை ஆலையிடமிருந்து காக்க அதே உறுதியோடு ஒரு சட்டம் வரவில்லை. தைவான் ஆலைகளைச் சிவப்புக் கம்பளம் விரித்து அழைக்கும் நாம் அந்த வரலாற்றின் இரண்டு பாதிகளையும் படிக்க வேண்டும்: நிலத்தைப் பகிர்ந்த பிறகே அங்கே தொழில் வேரூன்றியது; வேரூன்றிய தொழிலோ நிலத்தையும் நீரையும் திருப்பிக் கேட்டது.