மாடு மேய்ப்பது அக்கா, அட்டை யார் பேரில்?

போன பொங்கலுக்குக் கணவரின் ஊருக்குப் போயிருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கே மூத்த ஓரகத்தி எழுந்துவிட்டாள். தொழுவத்தைக் கூட்டி, தீவனம் வைத்து, மடியைக் கழுவிக் கறந்து, பாலோடு சொசைட்டிக்குக் கிளம்பினாள். வேடிக்கை பார்க்க நானும் கூடவே போனேன்.

அங்கே ஒரே வரிசை. ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து, கொழுப்பையும் மற்றச் சத்தையும் பார்த்து, அதற்கேற்ற விலை போடுகிறார்கள். அளவும் சத்தும் அட்டையில் பதிவாகின்றன. கண் மதிப்பில் விலை சொல்லி ஏய்க்க முடியாது.

இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஒரு காலத்தில் ஒரே கம்பெனி வைத்ததுதான் பால் விலை. 1946-ல் விவசாயிகள் பால் தர மறுத்து, திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சொந்தச் சங்கம் அமைத்தார்கள். 1949-ல் ஆனந்துக்குப் போன வர்கீஸ் குரியன், நம் சென்னையில் படித்தவர், அதை வளர்த்தார். அதுதான் அமுல். 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சி அந்த முறையை நாடெங்கும் பரப்பிற்று. நம் ஆவின் சங்கங்களும் அந்த வழிதான். ஒரு மாடு வைத்திருந்தாலும் பத்து மாடு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு!

"பரவாயில்லையே அக்கா, கை நிறையப் பணம் வருமே!" என்றேன்.

"பணம் வருது. எனக்கா வருது? அட்டையும் அவர் பேர்ல, பேங்க் கணக்கும் அவர் பேர்ல. சின்னவளுக்குப் போர்டு எழுத்துத் தெரியலை. கண்ணாடி போடணும்னு நாலு தடவை கேட்டுட்டேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி சாப்பாட்டின்போது மெல்லப் பேச்செடுத்தேன். மூத்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வீட்டுப் பணம்தானே? யார் பேர்ல இருந்தா என்ன?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "அப்போ அவ பேர்லயே இருக்கட்டுமேடா!"

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே அக்கா பங்குத் தொகை கட்டி, உறுப்பினராகச் சேர விண்ணப்பம் கொடுத்தாள். தன் பேரில் பேங்க் கணக்கும் தொடங்கினாள். முதலில் வந்த பால் பணத்தில் சின்னவளுக்குக் கண்ணாடி வாங்கியாயிற்று. மீதியில் ஒரு பகுதி, மாடு கறவை வற்றும் மாதங்களுக்கென்று கணக்கிலேயே இருக்கிறது.

பாலுக்கு நியாயமான விலை கிடைத்தால் கிராமம் செழிக்கும் என்கிறோம். வாஸ்தவம். ஆனால் சாணி அள்ளுகிற கைக்கே காசும் வந்தால்தான் அந்தச் செழிப்பு குழந்தைகள்வரை போய்ச் சேரும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ பிறந்த வீட்டிலோ மாடு இருக்கிறதா? இன்றே அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். யார் பேர் இருக்கிறது?