புழைக்கடைத் தோட்டம்

நுழையும்முன்

வீட்டிலிருந்து நாள்தோறும் வெளியேறும் பொருள்கள் பல. அரிசி களைந்த நீர், காய்கறித் தோல், உதிர்ந்த சருகு, உடைந்த வாளி என அனைத்தையும் 'கழிவு' என்னும் ஒரே சொல்லால் அழைத்துத் தெருமுனைக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு காலத்தில் அவை சென்றடைந்த இடம் வேறு. அவ்விடத்தைச் செலவின்றி மீண்டும் உருவாக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

'புழை' என்பது சிறிய வாயில். வீட்டின் பின்புறச் சிறுவாயிலைப் 'புழைக்கடை' என்றனர். அவ்வாயிலுக்கு அப்பாலுள்ள நிலமும் நாளடைவில் அப்பெயரைப் பெற்றது; பேச்சுவழக்கில் 'புழக்கடை' ஆயிற்று. கொல்லை என்று வழங்கும் ஊர்களும் உண்டு. கிணற்றடியில் குளித்த நீர் ஓடிச் சேரும் இடத்தில் வாழை நிற்கும். பாத்திரம் துலக்கும் இடத்தருகே சேம்பு தழைத்திருக்கும். வேலியோரம் முருங்கையும், வேலியின்மேல் அவரையோ பாகலோ படர்ந்திருப்பதும் இயல்பான காட்சி. அச்செடிகளுக்கெனத் தனியே நீர் இறைப்பது அரிது. உரம் வாங்குவது அதனினும் அரிது. நீர் போகும் வழியை அறிந்து, அவ்வழியில் செடியை வைத்ததே அத்தோட்டத்தின் நுட்பம்.

முற்றத்தில் சிமெண்டு பூசப்பட்டது, குளித்த நீர் குழாய்வழியே சாக்கடையை அடைந்தது, வாழையும் மறைந்தது. இன்று வீட்டுத்தோட்டம் அமைக்க விரும்புவோர் பலர் முதலில் கடைக்குச் செல்கின்றனர். வண்ணத்தொட்டி, பொட்டல உரம், தென்னைநார்க் கட்டி என வாங்கிக் குவித்தபின், முதற்செடி வாடியதும் முயற்சியையே கைவிடுகின்றனர். பணம் இருந்தால்தான் தோட்டம் போடலாம் என்ற எண்ணம் பரவியதே இதன் பெருங்கேடு. ஏனெனில், கீரையும் காயும் யாருடைய தட்டில் குறைவோ அவர்களிடம் பணமும் குறைவு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். இவ்வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவியரும் அவ்வயதினரே.

மண் ஆக்குதல்

தோட்டத்தின் முதல் வேலை விதைப்பது அன்று, மண் ஆக்குவது. நகரத்து வீட்டின் பின்புறம் பெரும்பாலும் செங்கல்துண்டும் சுண்ணாம்பும் கலந்த இறுகிய தரையாகவே இருக்கும். அதனை உயிருள்ள மண்ணாக மாற்றுவது மட்குரம்.

மட்கச் செய்வோர் நுண்ணுயிரிகள். அவற்றுக்குக் கரிமமும் நைட்ரஜனும் வேண்டும். ஏறத்தாழ முப்பது பங்கு கரிமத்திற்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்பது அறிவியலார் கூறும் அளவு. எடைபோட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சருகு, வைக்கோல், உலர்ந்த தென்னங்கீற்று ஆகியவற்றில் கரிமம் மிகுதி. காய்கறித் தோல், பசுந்தழை, தேயிலைச் சக்கை, மாட்டுச்சாணம் ஆகியவற்றில் நைட்ரஜன் மிகுதி. மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை ஈரக்கழிவு என அடுக்கடுக்காக இட்டால் போதும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் கசியும் அளவே ஈரம் இருக்க வேண்டும். துர்நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்து காற்றுக் குறைந்தது என்பது பொருள். சருகு சேர்த்துக் கிளறிவிடலாம். பல நாளாகியும் குவியல் அப்படியே கிடந்தால் நீர் தெளிக்க வேண்டும். நல்ல குவியலின் நடுப்பகுதி கைவைக்க இயலாதபடி சுடும். நுண்ணுயிரிகள் உழைப்பதற்கு அதுவே சான்று. வெயில் மிகுந்த நம் நாட்டில் இரண்டு மூன்று மாதங்களில் அது கருநிறமாகி, முதல் மழையில் எழும் மண்மணத்தைத் தரும். அம்மணம் வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பாதி மட்கியதை இட்டால் அது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ள, இளநாற்று மஞ்சளித்துப்போகும்.

சருகைக் கூட்டித் தெருவோரம் கொளுத்துவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஈராண்டு வளர்ந்த சத்து, இரண்டு நிமிடப் புகையாகிவிடுகிறது. அதனைக் கேட்டு வாங்கினால் எவரும் விலை சொல்லமாட்டார். தேநீர்க்கடையின் தேயிலைச் சக்கையும், சந்தையில் கழித்த முட்டைக்கோசு இலையும், பூக்கடையில் வாடிய பூவும் அவ்வாறே கிடைக்கும். பூவிலுள்ள நாரையும் நெகிழி இழையையும் மட்டும் நீக்கிவிட வேண்டும். தச்சுப்பட்டறை மரத்தூளில் ஒட்டுப்பலகையின் பசை கலந்திருக்கக்கூடும். ஐயம் இருப்பின் தவிர்ப்பது நன்று.

விதையும் போத்தும்

அஞ்சறைப்பெட்டியே ஒரு விதைப்பெட்டி. வெந்தயமும் கடுகும் விதைத்தால் முளைக்கும். கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் இரு விதைகள் உள்ளன. சந்தையில் வாங்கிய புதினாவின் இலையைக் கிள்ளியபின் தண்டை நட்டால் வேர்விடும். பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் கணுவோடு கூடிய தண்டிலிருந்தே தழைக்கும். முருங்கைக்கு அண்டைவீட்டார் வெட்டிப்போடும் ஒரு போத்து போதும். வாழைக்கு ஒரு பக்கக்கன்று. கடைத்தக்காளியின் விதையும் முளைக்கும். ஆனால், அது கலப்பினமாயின் தாய்ச்செடியின் பண்பு மகவில் அமையாது.

கலன்கள்

மண்தரை இல்லாதோர்க்குக் கலன்கள் தேவை. ஓட்டை வாளி, விரிசல் விட்ட குடம், சிமெண்டுச் சாக்கு, இளநீர்க் கூடு, தாறு வெட்டியபின் சாய்த்த வாழைத்தண்டு ஆகிய அனைத்தும் பயன்படும். சிமெண்டுச் சாக்கை உட்புறம் வெளியாகத் திருப்பிப் பலமுறை கழுவ வேண்டும்; இல்லையேல் மண் காரத்தன்மை அடையும். வெயிலில் அதன் இழை நைந்து உதிரத் தொடங்குமுன் மாற்றிவிடுதல் நலம்.

பயன்படுத்தவே கூடாதவையும் உண்டு. பூச்சிக்கொல்லி இருந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் உணவுப்பயிருக்கு ஆகாது. பழைய வண்ணப்பூச்சு டப்பாவில் ஈயம் தங்கியிருக்கலாம். மின்கலப் பெட்டியும் அத்தகையதே. இலவசம் என்பதற்காக நஞ்சை வீட்டுக்குள் அழைத்தல் சிக்கனம் ஆகாது.

மற்றொரு தீங்கு நம் ஊர்களுக்கே உரியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். கொட்டாங்கச்சி, டயர், தட்டு எதுவாயினும் அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். எனவே, மண் நிரப்பாத கலனைக் கவிழ்த்தே வைக்க வேண்டும். நிரப்பும் கலனின் அடியில் துளையிட வேண்டும். மறுபயன்பாடு என்னும் பெயரில் கொல்லையில் டப்பாக்களைக் குவித்துவைப்பது தோட்டமன்று, கொசுப்பண்ணை.

நீரின் கணக்கு

கோடையில் ஒரு சதுர மீட்டர் கீரைப்பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் வேண்டும். நால்வர் வாழும் வீட்டில் அரிசியும் காய்கறியும் கழுவிய நீரே பெரும்பாலும் அவ்வளவு தேறும். குளித்த நீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பலாம், கீரைமீது ஊற்றலாகாது. துணி துவைத்த சோப்புநீரில் சோடியம் மிகுதி. தொடர்ந்து பாய்ச்சினால் மண் இறுகி நீரை உள்வாங்காது. 40 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர் நீர் வழியும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயம். அக்குழாயின் வழியிலேயே ஒரு தொட்டி வைத்து இறுக மூடிவிடலாம். போகியன்று கழிக்கும் பழைய மண்பானை விரிசலின்றி இருந்தால், கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பலாம். பானை சிறிது சிறிதாகக் கசிந்து வேருக்கு ஊட்டும். மேலே ஓர் ஓடு மூடியிருந்தால் கொசுவும் அணுகாது.

முளைக்கீரை ஏறத்தாழ 25 நாளில் பறிப்புக்கு வரும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஈர்ப்பதில்லை. உணவோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் ஈர்ப்பு மிகும், உண்டவுடன் தேநீர் அருந்தினால் குறையும். இரத்தசோகை உடையோர்க்குக் கீரை மருந்துக்கு மாற்றாகாது. மருத்துவர் தரும் மாத்திரையும் வேண்டும்.

பாத்தி முழுவதையும் பறித்துவிடாமல், செழித்த இரண்டு செடிகளைப் பூக்கவிட வேண்டும். கதிர் முற்றிப் பழுப்பேறியதும் அறுத்து, நிழலில் உலர்த்தித் தட்டினால் கருவிதை உதிரும். அடுப்புச் சாம்பலோடு கலந்து ஈரம் புகாத கலயத்தில் வைத்தால், அடுத்த ஆடிப்பட்டத்திற்கு விதை வீட்டிலேயே இருக்கும்.