ஒற்றை மரத்தைத் தேடிப் போனவர்

ஷில்லாங்கிலிருந்து 37 மைல். அந்த வட்டாரத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா கிரிஃபித்தி மரத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போனார் தாவரவியலாளர் ஜானகி அம்மாள். போய்ச் சேர்ந்தபோது மரம் இல்லை. எரித்துவிட்டிருந்தார்கள். இது 1950-களில் நடந்தது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'கரும்புக்கு இனிப்பூட்டியவர்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கென்னவோ, மரமில்லாத அந்த இடத்தில் நின்ற ஜானகிதான் முதலில் கண்முன் வருகிறார்.

தலச்சேரியில் 1897 நவம்பர் 4 அன்று பிறந்தவர். தந்தை இ.கே. கிருஷ்ணன் சார்பு நீதிபதி. செடிகொடிகள் மீது பித்துக் கொண்டவர். இரண்டு மனைவிகள், 19 பிள்ளைகள். அக்காமார்களுக்கு வரிசையாகக் கல்யாணம் ஆனது. ஜானகி மதராஸுக்குப் படிக்கப் போனார். ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி, பிறகு பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. ஆசியப் பெண்களுக்கென்றே இருந்த பார்பர் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றது. 1931-ல் டாக்டர் பட்டம். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1934-ல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையம். இங்கே ஒரு கணக்கை நேர்செய்ய வேண்டும். தடித்த இனிப்புக் கரும்பையும் நம்மூர் நாணல் வகைக் காட்டுப்புல்லையும் கலந்து புது ரகம் கண்டது அந்த நிலையத்தின் அறிஞர்கள் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், ஜானகி வருவதற்கு வெகு முன்பே அது நடந்துவிட்டது. அப்படியானால் ஜானகி செய்தது என்ன? எண்ணினார். நுண்நோக்கியில் கண்ணை வைத்து, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் குரோமோசோம்களை எண்ணினார். கரும்புக் குடும்பத்தில் இது லேசுப்பட்ட வேலை இல்லை. நாணலில் 40 குரோமோசோம் உள்ளதும் உண்டு, 120-ஐத் தாண்டுவதும் உண்டு. எதை எதோடு சேர்த்தால் பிள்ளை பிழைக்கும் என்று சொல்ல இந்த எண்ணிக்கை வேண்டும். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடச் சேர்த்துப் பார்த்தார். சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தில் 1935-ல் உறுப்பினரானார். ஆனாலும் ஆண்கள் நிறைந்த நிலையத்தில், பிற்பட்ட சாதியில் பிறந்த, தனியாக வாழும் ஒரு பெண்ணுக்கு நாற்காலி மட்டுமே கிடைத்தது. மரியாதை அதோடு சேர்ந்து வரவில்லை.

1939-ல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ போனார், உலகப் போர் மூண்டது, திரும்ப முடியவில்லை. லண்டனில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மேலே குண்டு விழும், கீழே இவர் எண்ணிக்கொண்டிருப்பார். சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து எழுதிய பயிர்த்தாவரக் குரோமோசோம் தொகுப்பு 1945-ல் வெளிவந்தது. சேலை மடிப்பில் ஒளித்து ஓர் அணிலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. அவர் சுபாவத்துக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

போர் முடிந்ததும் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத் தோட்டம். அங்கே மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்சிசின் என்ற நஞ்சைக் கொடுத்தார். நம் கண்வலிக்கிழங்கில், அதாவது செங்காந்தளில், இருக்கிற அதே நஞ்சு. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் அது தடுத்துவிடும்; குரோமோசோம்கள் இரட்டிப்பாகி ஒரே செல்லில் தங்கிவிடும். இலை தடிக்கும், பூ பெருக்கும். அவர் பெயரைத் தாங்கிய வெள்ளைப் பூ மக்னோலியா ரகம் ஒன்று இன்றும் இருக்கிறது.

1951-ல் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு. நம் காட்டுச் செடிகளின் முக்கிய மாதிரிகள் லண்டனில் இருந்தன. நம் செடியைப் படிக்க நாம் கப்பல் ஏற வேண்டியிருந்தது. இந்த நிலை மாற வேண்டும் என்றார் ஜானகி. 1954-ல் முதன்மைத் தாவரவியலாளர் பதவி ஸ்பெயினில் பிறந்த பாதிரியார் சாந்தபாவுக்குப் போனபோது மனம் கசந்தார். தானிய விளைச்சலுக்காகக் காடுகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலமும் அதுதான். ஷில்லாங் பயணத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். விஸ்லியில் மக்னோலியாவை நட்டு வளர்த்த கை அது. சொந்த நாட்டில் அதன் ஒற்றை மரத்தை அந்தக் கையால் தொடக்கூட முடியவில்லை. 1955-ல், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்று ஆராய பிரின்ஸ்டனில் கூடிய அறிஞர் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர். பழங்குடிகளின் விவசாயத்தைப் பற்றிப் பேசினார். இனங்களைக் கலந்து கலந்து பார்த்தவர், இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும் என்ற பக்கம் நகர்ந்திருந்தார்.

அலகாபாத், ஜம்மு, டிராம்பே என்று சுற்றிவிட்டு 1970-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்களத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று மதுரவாயல் என்றால் பைபாஸும் நெரிசலும்தான் ஞாபகத்துக்கு வரும். அன்று அங்கே மஞ்சள் சேலை கட்டிய உயரமான மூதாட்டி ஒருவர் மூலிகைகளோடும் பூனைகளோடும் இருந்தார். 1977-ல் பத்மஸ்ரீ.

பாலக்காட்டு மலையில் குந்திப்புழையை மறித்து அணை கட்டக் கேரள மின்வாரியம் முனைந்தபோது ஜானகிக்கு எண்பது வயது. சைலன்ட் வேலி மழைக்காடு நீரில் மூழ்கப்போகிறது. அவர் எதிர்ப்பில் இறங்கினார். கூடவே, தனக்குத் தெரிந்த வேலையையும் கையில் எடுத்தார்: அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் முயற்சி. காடு போனாலும் கணக்காவது மிஞ்சட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7 அன்று ஜானகி அம்மாள் காலமானார். அதுவரை மதுரவாயலில் வேலை செய்துகொண்டுதான் இருந்தார். சைலன்ட் வேலி தேசியப் பூங்காவானது அதே ஆண்டு நவம்பர் 15-ல்.