கூடைப்பந்தும் களப்புச் சீட்டும்

சிலாபத்துக்குத் தெற்கே, அதே மேற்குக் கரையில், நீர்கொழும்புக் களப்பு இருக்கிறது. இரவில் வற்றுநீர் கடலை நோக்கி இழுக்கும் வேளையில், முகத்துவாரத்தருகே முளை நட்டு வலை கட்டி இறால் பிடிப்பது அங்குள்ள மீனவரின் பழைய தொழில். வலை கட்டும் இடத்துக்குப் 'பாடு' என்று பெயர். எல்லாப் பாடும் ஒரு தன்மையன அல்ல. ஒன்றில் வலை நிறையும். மற்றொன்றில் பாசியே மிஞ்சும். நல்ல பாடு என்றும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்குமாயின் ஏனையோர் தொழிலை விட்டே போக நேரும். ஆதலின் அம்மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறையை மேற்கொண்டன.

கோடிக்கணக்கான டொலர் புரளும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தும் இறுதியில் இதே சீட்டைத்தான் நாடியது. ஒரு வேறுபாடு உண்டு. அயலவன் வலை வெறுமையாயினும் மீனவனின் இறால் விலைபோகும். விளையாட்டுக் கழகத்துக்கோ எதிரணியே சரக்கின் பாதி. முடிவு முன்னரே தெரிந்த ஆட்டத்துக்கு எவர் காசு கொடுத்து வருவர்?

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் 1947ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு விதியைக் கையாண்டு வருகிறது. கல்லூரிகளிலிருந்து வரும் புதிய ஆட்டக்காரரைத் தெரிவு செய்வதில் பின்தங்கிய அணிகளுக்கே முன்னுரிமை. விதி நன்றே, பயன் உடனே விளையவில்லை. 1956இல் செயின்ட் லூயிஸ் அணி தெரிவு செய்த பில் ரசல் என்னும் நெடியவரைப் பொஸ்டன் செல்டிக்ஸ் அணி மாற்று வழியில் பெற்றுக்கொண்டது. 1957 முதல் 1969 வரையான 13 பருவங்களில் 11 பட்டங்கள் அவ்வணிக்கே சென்றன.

ஒருவரால் இவ்வளவு இயலுமா என்று கேட்கலாம். இவ்விளையாட்டின் அமைப்பே அத்தகையது. களத்தில் ஐவர்தாம். 48 நிமிட ஆட்டத்தில் சிறந்தவர் பெரும்பகுதி நேரம் ஆடுவார். ஓர் அணிக்கு ஏறத்தாழ 100 முறை பந்து வசப்படுகிறது. ஒரு முறை குறி தவறினால் அரை நிமிடத்தில் அடுத்த வாய்ப்பு வந்துவிடும். ஆகவே அதிட்டம் தன் கைவரிசையைக் காட்ட இடமில்லை. போதாக்குறைக்கு, ஏழடியை நெருங்கும் உயரமும் ஆட்டத்திறனும் ஒருங்கே வாய்த்தவர் உலகிலேயே மிகச் சிலர்.

கிரிக்கெட்டின் கதை வேறு. எத்தகைய வீரரும் ஒரே பந்தில் வெளியேறி, எஞ்சிய நேரமெல்லாம் கூடாரத்தில் அமர நேரிடலாம். நாணயச் சுழற்சி, மழை, ஆடுகளத்தின் ஈரம், கைநழுவிய ஒரு பிடி என எல்லாம் எளியவருக்கும் வாசல் திறக்கின்றன. சிலாபத்தின் பெயர் தாங்கிய மேரியன்ஸ் கழகம் 2017-18 பருவத்தில் கொழும்பின் பழம்பெருங் கழகங்களை விஞ்சி, இலங்கையின் முதல்தரப் பட்டத்தை வென்றது. கூடைப்பந்தில் சிறிய ஊர் அணி ஒரு நாள் வெல்லலாம்; பருவம் முழுவதும் வெல்வது மிக அரிது.

இனி, கடைசி அணிக்கே முதற்பரிசு என்றால் வேண்டுமென்றே தோற்பதில் ஆதாயம் உண்டன்றோ? அத்தகைய ஐயம் 1980களில் வலுத்தது. 1985இல் சீட்டுமுறை புகுந்தது. இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறாத ஏழு அணிகளின் பெயர்களை ஏழு உறைகளில் இட்டுச் சுழற்றி எடுத்தனர். அதற்கு முந்திய பருவத்திலேயே, செல்வக் கழகங்கள் ஆட்டக்காரரை வாரிக்கொள்ளாதபடி, ஊதியத்துக்கு 36 இலட்சம் டொலர் என வரம்பும் விதித்திருந்தனர். 2019இல் விதி மேலும் இறுகியது. மிகப் பின்தங்கிய மூன்று அணிகளுக்கும் முதற்சீட்டு விழும் வாய்ப்பு ஒரே அளவாக, நூற்றுக்குப் பதினான்காக்கப்பட்டது.

2019 முதல் 2025 வரையான ஏழு பருவங்களில் ஏழு வெவ்வேறு அணிகள் பட்டம் வென்றன. பொஸ்டன் காலத்தவர் நம்பியிரார்.

எனினும் சீட்டு எவர் முகமும் பார்ப்பதில்லை. 2024-25 பருவத்தில் யூட்டா அணி 82 ஆட்டங்களில் 17 மட்டுமே வென்று கடைசியில் நின்றது. 2025 மே மாதச் சீட்டில் அதற்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். முதலிடம், நூற்றுக்கு இரண்டு வாய்ப்பும் முழுதாக இல்லாத டல்லாஸ் அணிக்கு விழுந்தது. அவ்வணியோ முந்திய ஆண்டுதான் இறுதியாட்டம் வரை சென்றிருந்தது.