கடற்கரைச் செய்தி சொல்வோருக்கு வேண்டிய பயிற்சி

1960-களின் பிற்பகுதியில் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவிய வரலாறு மிராசுதார்கள் பலரும் அறிந்ததே. திருச்சி வானொலி நிலையத்தார் விவசாய இலாகாவினருடன் கலந்து அதன் சாகுபடி முறையை எளிய தமிழில் எடுத்துரைத்தமையால், குடியானவர்கள் அதை "ரேடியோ நெல்" என்றே வழங்கலாயினர். விஷயம் அறிந்தவரும் சொல்லத் தெரிந்தவரும் ஒன்று சேர்ந்தால் விளையும் நன்மைக்கு இது தக்க சான்று. இன்று அத்தகைய சேர்க்கை மிகவும் வேண்டப்படும் இடங்களுள் தூத்துக்குடிக் கடற்கரை ஒன்றாகும். பருவநிலை மாற்றத்தின் விளைவுகளை மக்களுக்கு எடுத்துரைக்கும் பத்திரிகை நிருபர்களும் வானொலியாரும் தொலைக்காட்சியாரும் அதற்கெனப் பயிற்சி பெறுதல் அவசியமாகும்.

முதலாவது பயிற்சி, அளவைப் பொருள் விளங்கச் சொல்லுதல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துள் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. ஏரி, குளங்கள் உடைந்தன. தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வாழையும் நெல்லும் நீரில் மூழ்கின. வானிலை இலாகாவின் வழக்கில், ஒரு நாளில் 20 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட மழை யாவும் "அதி கனமழை" என்னும் ஒரே பெயரைப் பெறும். 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும் அப்பெயருள் அடங்கும். ஆகவே பெயரை மட்டும் வெளியிடுவது போதாது. எந்தக் குளத்தின் கரை பலவீனமானது, எந்தத் தெரு தாழ்வானது, கால்நடைகளை எங்கு ஓட்டிச் செல்லலாம் என்பனவும் உடன் சொல்லப்பட வேண்டும்.

புயற் கூண்டின் செய்தியும் இத்தகையதே. துறைமுகத்தில் ஏற்றப்படும் 1-ஆம் எண், தொலைவில் காற்றழுத்தம் தாழ்ந்துள்ளது, துறைமுகத்துக்கு உடனடி அபாயமில்லை என்று பொருள்படும். 10-ஆம் எண்ணோ, கடும்புயல் துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடக்கும் என்பதாகும். "கூண்டு ஏற்றப்பட்டது" என்று மட்டும் சொன்னால், ஒருவர் வீணே அஞ்சுவார். மற்றொருவர் அலட்சியம் செய்வார். செய்தி காலத்தில் சென்று சேர்வதும் முக்கியமே. 2017 நவம்பர் இறுதியில் ஒகிப் புயல் விரைந்து உருவானபோது, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலரை எச்சரிக்கை எட்டவில்லை.

இரண்டாவது பயிற்சி, காரணத்தை ஆராய்ந்து சொல்லுதல். முற்காலத்தில் முத்துப் பார்களைப் பரிசோதித்துச் சிப்பிகளின் நிலையை மதிப்பிட்ட பின்னரே முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டது. 1961-உடன் அக்குளிப்பு நின்றுவிட்டது. ஆயினும், பார்த்துப் பின் சொல்லும் அவ்வழக்கம் செய்தியாளருக்கு இன்றும் பொருந்தும். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1969-இல் சுமார் 20 ஹெக்டேர் பரப்புடையதாயிருந்தது. 2015-இல் அது 2 ஹெக்டேர் அளவுக்குக் குறுகியது. இதைப் பருவநிலை மாற்றத்தின் மேல் மட்டும் ஏற்றிச் சொல்வது சரியன்று. அலையைத் தடுத்து நின்ற பவளப் பாறைகளை முன்னாளில் வெட்டி எடுத்ததும் ஒரு காரணம். காரணம் அறிந்ததனாலேயே செயற்கைப் பவளத்திட்டுகளை இட்டு எஞ்சிய பகுதியைக் காக்க வழி பிறந்தது.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ., அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, உயர்ந்துள்ளது. தட்டையான கரைநிலத்தில் இவ்வுயர்வே வடிகால் நீரைத் தேக்கவும், உப்பு நீரை உள்ளே செலுத்தவும் துணைபுரியும். ஆனால் கிணற்று நீர் உவர்ப்பதற்கு அளவுக்கு மீறி நீர் இறைப்பதும் காரணமாகலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்லாத செய்தி, குடியானவர் தம்மால் இயன்ற பரிகாரத்தையும் மறைத்துவிடும்.

மூன்றாவது பயிற்சி, கேட்போரின் மொழியில் பேசுதல். பாம்பனில் 2016-இல் மீனவர்க்கென்றே தொடங்கப்பட்ட "கடல் ஓசை" சமூக வானொலியில், மீனவக் குடும்பத்தினரே நிகழ்ச்சி நடத்தப் பழக்கப்பட்டனர். புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998 முதல் தகவல் நிலையங்களை நிறுவி, ஊராரையே பயிற்றுவித்து, கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்தனர். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது, நல்லவாடு கிராமத்தவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். உடனே அந்த ஒலிபெருக்கி முழங்கிற்று. மக்கள் கரையை விட்டகன்று உயிர் பிழைத்தனர். கருவி சிறிதாயினும், அதை இயக்கப் பழகியவர் ஊரில் இருந்தமையே பயன் தந்தது.

இப்பயிற்சி நிருபர்களோடு முடிவதன்று. கிராம அதிகாரிகள் தத்தம் ஊரின் மழையளவு, குளங்களின் நீர்மட்டம், பலவீனமான கரைகள் ஆகியவற்றைக் குறித்து வைத்து, கேட்கும் செய்தியாளருக்குக் காட்டுதல் வேண்டும். நிலச்சுவான்தார்கள் கடலை அடுத்த கிணறுகளின் நீரை மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்து, முடிவைத் தேதியுடன் பதிந்து வருவது நலம். நாலைந்து ஆண்டுக் கணக்கு கையிலிருப்பின், நிருபர் ஊகித்து எழுத வேண்டுவதில்லை. படிக்கும் குடியானவரும் அடுத்த போகத்துக்கு எப்பயிர் இடுவதென்று தெளிந்து முடிவு செய்யலாம்.