35 வயதிலேயே 'ஸ்டென்ட்': வலி போச்சேன்னு மாத்திரையை நிறுத்தினால் மீண்டும் மாரடைப்பு!

அம்பத்தூர்:

மாரடைப்பு என்றால் 60 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்ற காலம் மலையேறி விட்டது. 30, 35 வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலை வந்து விட்டது. அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி என்று ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் நிறைந்த பகுதிகளில் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின்படி, முதல் மாரடைப்பு மற்ற நாட்டினருக்கு சுமார் 59 வயதில் வருகிறது. இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாட்டினருக்கு 53 வயதிலேயே வந்து விடுகிறது.

முதல் நோயாளிக்கு வயது 38

கை அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூப்பை இதயம் வரை செலுத்தி, அடைப்பை பலூனால் விரித்து, 'ஸ்டென்ட்' எனும் சிறு வலைக்குழாயைப் பொருத்துவதுதான் ஆஞ்சியோபிளாஸ்டி. 1977-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதை முதன்முதலில் செய்தார். நோயாளிக்கு வயது 38தான். அப்போது ஸ்டென்ட் கிடையாது, வெறும் பலூன் மட்டுமே. 23 ஆண்டுகள் கழித்து பரிசோதித்தபோதும் அந்த ரத்தக்குழாய் திறந்தே இருந்தது.

பொதுவாக இளம் வயதினர் இந்த சிகிச்சையை நன்றாகத் தாங்குகிறார்கள். சில நாளில் வீடு திரும்பி விடுகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

எங்கே தவறு?

ஸ்டென்ட் அந்த ஒரு அடைப்பை மட்டும்தான் சரி செய்யும். கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் அப்படியே இருந்தால் வேறு இடத்தில் அடைப்பு வரும். 'வலிதான் போச்சே' என்று மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் 2 மாத்திரைகளை வழக்கமாக ஓராண்டு சாப்பிட வேண்டும். அதன் பிறகும் ஒன்று தொடரும். டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தக்கூடாது.

அடுத்த எதிரி சிகரெட். 50 வயதுக்குள் மாரடைப்பு வந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஓராண்டுக்குள் புகைப்பதை விட்டவர்களின் மரண வாய்ப்பு, விடாதவர்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

நேரம்தான் உயிர்

'வாயுத் தொல்லைதான்' என்று சோடா குடித்து விட்டுப் படுப்பது பெரிய ஆபத்து. அடைப்பு நீடிக்க நீடிக்க இதயத் தசை செத்துப்போகும். ஆஞ்சியோ வசதி தூரத்தில் இருந்தால், அருகில் உள்ள ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம். முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் டாக்டர்களும் பங்கேற்று, 2012 முதல் 2014 வரை தமிழகத்தில் இந்த முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்தில் இருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தனர்.

2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவி மாத்திரைகள் தரப்படுகின்றன. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சைக்கும் பயன்படுத்தலாம்.

நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி, திடீர் வியர்வை வந்தால் பைக்கை எடுக்காமல் உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.