இரவல் நஞ்சு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்டுச் சென்ற பின்னர், பெசன்ட் நகர் கடற்கரை மணலில் நீல நிறச் சிற்றுயிர்கள் சில ஒதுங்கிக் கிடந்தன. விரல் நீளம்கூட இல்லாத உடல். அதன் இருபுறமும் இறகுபோல் விரிந்த கிளைகள். பார்த்தவுடன் கையில் எடுக்கத் தூண்டும் அழகு. 'நீல டிராகன்' என்பது அதன் வழக்குப் பெயர். தொட வேண்டாம் என்ற எச்சரிக்கை அப்போது நாளிதழ்களில் வெளியானது வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். 2025 ஆகஸ்டில் ஸ்பெயினின் அலிகான்டே மாகாணத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், விரல்விட்டு எண்ணத்தக்க நீல டிராகன்கள் தென்பட்டதற்கே கடலில் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. கோடைச் சுற்றுலாவை நம்பியிருக்கும் ஓர் ஊர், மூன்று சென்டிமீட்டர் உயிரினத்துக்கு அஞ்சிக் கடலைத் தடைசெய்கிறது என்றால் அதனிடம் அப்படி என்னதான் இருக்கிறது?

'கிளாகஸ் அட்லாண்டிகஸ்' என்பது அதன் அறிவியல் பெயர். நம் தோட்டத்து நத்தைக்குத் தூரத்து உறவான, ஓடில்லாத கடல் நத்தை. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பருவத்தில் அதற்கும் ஓடு உண்டு. வளரும்போது அதைத் துறந்துவிடுகிறது. கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும் உயிருக்கு ஓடு ஒரு சுமை. ஆனால், ஓட்டைத் துறந்த மெல்லுடலுக்கு வேறு பாதுகாப்பு தேவையன்றோ?

அது தேடிக்கொண்ட முதல் பாதுகாப்பு நிறம். காற்றை விழுங்கி வயிற்றில் நிறுத்திக்கொண்டு, மல்லாந்த நிலையில் மிதக்கிறது. எனவே மேல்நோக்கி இருப்பது வயிறு, அது நீலம். வானிலிருந்து பார்க்கும் பறவைக்குக் கடல்நீரும் அதுவும் ஒன்றாகத் தோன்றும். கீழ்நோக்கி இருக்கும் முதுகோ வெள்ளிச் சாம்பல். அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு அது ஒளிரும் நீர்ப்பரப்பின் ஒரு பகுதி. நாம் மணலில் கண்டு வியக்கும் நீலம், கடலில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக அமைந்தது.

இரண்டாவது பாதுகாப்பு நஞ்சு. வியப்பு என்னவெனில், அந்த நஞ்சு அதனுடையதே அன்று.

நீல டிராகனின் விருப்ப உணவு 'போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்' எனப்படும் மிதவை உயிரினம். ஜெல்லி மீன்போல் தோன்றினாலும் அது பல சிற்றுயிர்கள் ஒன்றிணைந்த கூட்டுவாழ்வு. பல மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் அதன் உணர்கொடிகளில் எண்ணற்ற நுண்ணிய நஞ்சுறைகள் உள்ளன. ஒவ்வோர் உறைக்குள்ளும் சுருண்ட ஒரு நூல். தூண்டப்பட்டதும் அது அம்புபோல் பாய்ந்து நஞ்சைச் செலுத்தும். மீன்களைக் கொல்லும் இந்தக் கொடிகளைத்தான் நம் சிற்றுயிர் கடித்துத் தின்கிறது. செரிமானமாகாத நஞ்சுறைகள் உடலின் கிளைகளுக்குள் கடத்தப்பட்டு, கிளை நுனிகளிலுள்ள பைகளில் சேமிக்கப்படுகின்றன. எதிரி சீண்டினால் அந்தப் பைகளிலிருந்து வெளிப்பட்டு அவை தாக்குகின்றன. ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் குளிப்போரைத் தாக்கிய இந்த இரவல் ஆயுதம் குறித்து 1969-லேயே 'சயின்ஸ்' இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

தின்னும்போது அதன் வாயும் வயிறும் ஏன் புண்ணாவதில்லை? இக்குலத்துக் கடல் நத்தைகளின் உணவுப்பாதையைக் கைட்டின் என்னும் கடினப் பொருள் காக்கிறது. உடல் சுரக்கும் கோழையும் நஞ்சுறைகள் வெடிப்பதைத் தணிக்கிறது. உறவு இனங்களில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன: முதிராத நஞ்சுறைகள் உள்ளே சென்ற பிறகே முதிர்ச்சி அடைகின்றன. வெடிக்கும் பக்குவம் வராத வெடியைத் திருடி, தன் கிடங்கில் வைத்துப் பக்குவப்படுத்துவது போன்றது இது.

பொருளியல் கற்பித்தவனுக்கு இங்கே ரொனால்ட் கோஸ் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. ஒரு நிறுவனம் தனக்குத் தேவையானதைத் தானே உற்பத்தி செய்வது ஏன், சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே என்று 1937-இல் வினவியவர் அவர். நீல டிராகன் உற்பத்தியும் செய்வதில்லை, விலை கொடுத்து வாங்குவதும் இல்லை. ஆனால், செலவில்லாத பாதுகாப்பு என்று அதைக் கருதிவிட முடியாது. ஒரு நஞ்சுறை ஒருமுறைதான் வெடிக்கும். செலவானதை ஈடுகட்ட மீண்டும் இரை வேண்டும். இரை இல்லையேல் உணவும் இல்லை, புதிய ஆயுதமும் இல்லை. முட்டைச் சரங்களைக்கூட, தின்று முடித்த இரையின் மிச்சத்தின்மீது அது இடுவதுண்டு. உண்டு உறைந்து பெருகுவதெல்லாம் இரை என்னும் வழங்குநரைச் சார்ந்து.

அந்த வழங்குநரோ காற்றின் போக்கில் அலையும் மிதவை. நீல டிராகனும் அவ்வாறே. எதிரியிடமிருந்து காக்கும் நஞ்சு, புயற்காற்றிடமிருந்து காப்பதில்லை. கரையை நோக்கிக் காற்று வீசும்போது வேட்டையாடியும் இரையும் சேர்ந்தே மணலில் வந்து விழுகின்றன. ஆகவே நீல டிராகனைக் கண்ட கரையில், போர்ச்சுகீசியப் போர்க்கப்பலின் அறுந்த கொடிகளும் கிடக்கலாம்.

மணலில் உயிரற்றுக் கிடந்தாலும் நஞ்சுறைகள் வெடிக்கும். அவற்றைத் தூண்டத் தொடுகையே போதும். எனவே படம் எடுக்கலாம், கையில் எடுக்கலாகாது. குழந்தைகளுடன் செல்வோர் இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும். கொட்டிவிட்டால் மணலால் தேய்க்கக் கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் அல்லாமல் அகற்ற வேண்டும். போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் கொட்டியவர்களுக்கு, தோல் வெந்துவிடாத அளவுக்கு, ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் அவ்விடத்தை வைத்திருக்குமாறு ஆஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டுதல் கூறுகிறது. நஞ்சு அதே நஞ்சுதான். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால், வெந்நீருக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.